மலைக்கு வராத அட்டவணை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் ஊராட்சிகளின் பெயர்கள் ‘நாடு’ என்றே முடிகின்றன. வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, தின்னனூர் நாடு எனப் பதினான்கு நாடுகள் அங்கு உள்ளன. மலையாளி என்னும் பழங்குடியினர் ஊர்கூடிப் பேசி வழக்குகளைத் தீர்த்துக்கொண்ட மரபின் தடம் அப்பெயர்களில் இன்றும் எஞ்சியிருக்கிறது. (மலையாளி என்பது இங்கு மலைவாழ் மக்களைக் குறிக்கும் பெயர், அவர்கள் பேசுவது தமிழே.)

இத்தகைய ஊர்க்கூட்டங்களுக்குச் சட்ட வலிமை தருவதற்காக 1996ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. சிறு வனப்பொருள்களின் உரிமை கிராம சபைக்கும் ஊராட்சிக்கும் உரியது; பழங்குடியினர் நிலம் பிறர் கைக்குப் போவதைத் தடுக்க அவை முனையலாம்; நிலம் எடுக்குமுன் அவற்றைக் கலந்தாக வேண்டும். ஆயினும் அச்சட்டம் கொல்லிமலைக்குப் பொருந்தாது. அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி குடியரசுத் தலைவர் அறிவித்த பட்டியல் பகுதிகளுக்கு மட்டுமே அது உரியது. பத்து மாநிலங்களில் அத்தகைய பகுதிகள் உண்டு. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. இங்கிருப்பது பழங்குடியினர் ஆலோசனைக் குழு மட்டுமே. அதன் உறுப்பினருள் ஏறத்தாழ முக்கால் பங்கினர் பழங்குடிச் சட்டமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால், அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட தொகுதிகளோ ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டுதாம். எஞ்சிய இடங்களை அம்மக்களுள் பிறரைக் கொண்டு நிரப்ப அதே விதி வழி செய்கிறது.

அரசமைப்பைக் காப்பதா, மாற்றுவதா என்னும் விவாதம் எழும்போதெல்லாம் இத்தகைய குறைகள் சான்றாகக் காட்டப்படுகின்றன. 1949இல் அரசமைப்பு நிருணய சபையிலேயே, ஆலோசனைக் குழுவின் வலிமை குறைக்கப்படுவதாக ஜெய்பால் சிங் முறையிட்டார். 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம், திருத்தலாம், ஆனால் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கலாகாது என 7க்கு 6 என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. 2000இல் நீதிபதி வெங்கடாசலையா தலைமையில் மறுஆய்வு ஆணையம் அமைந்தபோது முழு அரசமைப்புமே மாற்றப்படுமோ என்ற அச்சம் பரவியது. அடிப்படைக் கட்டமைப்புக்கு உட்பட்டே ஆணையம் பரிந்துரைக்கும் என்ற வரையறையுடனே அது இயங்கி, 2002இல் அறிக்கை தந்தது.

கொல்லிமலையின் சிக்கலுக்கு இப்பெரிய விவாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஐந்தாம் அட்டவணையின் ஆறாம் பத்தியின்படி, ஆளுநரைக் கலந்து, குடியரசுத் தலைவர் ஓர் ஆணையால் பட்டியல் பகுதிகளைப் புதிதாக வரையறுக்கலாம். அட்டவணையையே திருத்துவதாயினும் நாடாளுமன்றத்தின் சாதாரணச் சட்டம் போதும். அது 368ஆம் பிரிவின்கீழ் அமையும் திருத்தமாகக் கருதப்படாது என ஏழாம் பத்தி தெளிவாகக் கூறுகிறது. இந்த எளிமை இருபக்கமும் கூர்மை உடையது. எளிதில் விரிவாக்கத்தக்க பாதுகாப்பை எளிதில் சுருக்கவும் இயலும். ஜெய்பால் சிங்கின் கவலையைப் புறந்தள்ள முடியாமைக்கு இதுவே காரணம்.

ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் நிலைமை இன்னும் கடினமானது. அங்குள்ள மலையாளிகள் பழங்குடியினர் பட்டியலிலேயே இல்லை; அப்பட்டியல் அம்மக்களைச் சில மாவட்டங்களுக்கு மட்டும் வரையறுத்துள்ளது. 342ஆம் பிரிவின்படி அதை மாற்ற நாடாளுமன்றச் சட்டம் தேவை. நரிக்குறவர், குருவிக்காரர் ஆகியோர் தமிழ்நாட்டுப் பட்டியலில் இடம்பெற்றதும் 2022 டிசம்பரில் நிறைவேறிய அத்தகையதொரு சட்டத்தினாலேயே.