இரு தேதிகளும் இணையவழிக் கற்பித்தலும்

வகுப்பறையில் கணினியும் இணைய இணைப்பும் அமைந்துவிட்டதனாலேயே கற்பித்தல் சிறந்துவிடுவதில்லை. இணையத்தை நாடுமுன் ஆசிரியரிடம் ஒரு வினா இருத்தல் வேண்டும். வினாவின்றித் தேடும் மாணவர், முதலில் தென்படும் விடையை எழுதிக்கொண்டு அமைதியடைந்துவிடுவர். இதனைப் புதுச்சேரியின் வரலாற்றைக் கொண்டே விளக்க விழைகிறோம்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்ட நாள் எது? இவ்வினாவுடன் மாணவரைத் தேடச் செய்தால் சிலர் 1954 நவம்பர் 1 என்பர். வேறு சிலர் 1962 ஆகஸ்ட் 16 என்பர். இரண்டுக்கும் இணையத்தில் சான்று காட்ட இயலும். எது பிழை என்னும் வாதம் எழும். பாடம் தொடங்குவது அங்குதான்.

அடுத்து, மூல ஆவணத்தை அவர்கள் முன் வைக்க வேண்டும். இந்தியாவும் பிரான்சும் 1956 மே 28 அன்று கையெழுத்திட்ட ஒப்பந்தம் நம் வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் உள்ளது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்த மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தனர். அதனையொட்டி நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்பந்தத்தை ஏற்ற பின்னரே, 1962 ஆகஸ்ட் 16இல், சட்டப்படியான உரிமை மாற்றம் நிறைவேறியது. எனவே இரு தேதிகளும் சரியானவையே. அவை சுட்டும் நிகழ்ச்சிகளே வேறு. மனப்பாடம் செய்த ஒற்றைத் தேதி இத்தெளிவைத் தந்திராது.

சமூக ஊடகங்களுக்கும் இதில் இடமுண்டு. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்பியோர் ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என அவ்வொப்பந்தம் இடமளித்தது. அம்முடிவை எடுத்த நாள்களைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் இசைந்தால் குரலைப் பதிந்து, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் பகிரச் செய்யலாம். கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அதனையே எழுதிவந்து வாசிக்கட்டும். கருவியின்மை எவரையும் பாடத்திலிருந்து விலக்கலாகாது.

அதே குழுவில் ஆதாரமற்ற செய்திகளும் வந்து விழும். அவற்றைத் தடுப்பதினும் ஆராயப் பழக்குவதே மேல். நபிமொழித் தொகுப்பாளர்கள் ஒரு செய்தியை ஏற்குமுன் அறிவிப்பாளர் வரிசையை ஒவ்வொருவராக ஆய்ந்தனர். அந்தப் பழக்கம் இங்கும் வேண்டற்பாலது. எழுதியவர் யார்? எப்போது எழுதினார்? எதனை ஆதாரமாகக் காட்டுகிறார்? விக்கிப்பீடியாக் கட்டுரையாயின் அதன் மாற்ற வரலாற்றையும் அடியிலுள்ள சான்றுகளையும் திறந்து பார்க்கச் சொல்லலாம்.

பாட முடிவில் ஒவ்வொரு மாணவரும் தம் விடையையும், அதனை எங்கிருந்து பெற்றார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். விடையை மட்டும் எழுதியவர் இணையத்தைப் பயன்படுத்தினார். ஆதாரத்தையும் எழுதியவரே கற்றார் என்போம்.