பெயருக்கு ஒரு விலை

தருமஞ் செய்தவர் பெயரைக் கல்லிற் பொறிப்பது தமிழர்க்குப் புதிதன்று. கோயில் மண்டபத்துத் தூணிலும், கேணிப் படிக்கட்டிலும், பாடசாலைச் சுவரிலும் 'இன்னார் உபயம்' என்னும் எழுத்துக்களைக் காண்கின்றோம். வள்ளுவரும் ஈகையைப் பற்றிய அதிகாரத்தை முடித்தவுடன் புகழைப் பற்றிய அதிகாரத்தைத் தொடங்கினார். கொடுப்பவனைத் தேடிப் புகழ் பின்னே வருதல் இயல்பு என்பது அவ்வைப்பு முறையிலிருந்தே புலனாகும். ஆனால் அவ்வொழுங்கு மாறி, புகழுக்கு இத்தனை ஆண்டுக்கு இத்தனை டொலர் என முன்னரே விலைபேசி, ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமிடும் வழக்கம் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியிருக்கின்றது. அங்கே விற்கப்படும் பொருள் விளையாட்டரங்கின் பெயர். அவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு நடைபெறுகின்றது, அதனால் விளையும் நன்மை தீமைகள் யாவை என்பன கல்வியில் அக்கறையுடைய எவரும் சிந்திக்கத்தக்கன.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என வழங்கும் ஆட்டத்தில் பந்தைக் காலால் உதைப்பது குறைவு. கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே மிகுதி. இலங்கையர் அறிந்த றகர் ஆட்டத்துக்கு அது நெருங்கிய உறவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வாட்டம் பல்கலைக்கழக மாணவரிடையே பெருகியபோது, மரப்பலகை ஆசனங்கள் கூட்டத்தைத் தாங்கமாட்டாவாயின. 1903ஆம் ஆண்டில் ஹாவார்ட் பல்கலைக்கழகம் இரும்புக் கம்பி பொதிந்த கொங்கிறீற்றினால் ஓர் அரங்கினை எழுப்பியது. அதன் செலவில் ஓர் இலட்சம் டொலரை 1879ஆம் ஆண்டு பட்டம் பெற்று வெளியேறிய மாணவர் தம் கலைக்கழகத்துக்குக் காணிக்கையாக அளித்தனர். அரங்கு எவருடைய தனிப்பெயரையும் தாங்காது, ஹாவார்ட் அரங்கு என்றே நின்றது. 1914இல் யேல் பல்கலைக்கழகம் நிலத்தைக் குழிவாகத் தோண்டி, தோண்டிய மண்ணையே சுற்றிலும் கரையாக உயர்த்தி, பெருங்கிண்ணம் போன்றதோர் அரங்கினை அமைத்தது.

முதலாம் உலகப்போர் முடிந்தபின் மற்றொரு மரபு பிறந்தது. போரில் மடிந்த மாணவர்க்கு நினைவுச் சின்னமாக அரங்குகள் கட்டப்பட்டன. இலினோய் பல்கலைக்கழகத்தின் நினைவரங்கு 1923இல் முதலாட்டத்தைக் கண்டது. மாணவரும் பழைய மாணவரும் பொதுமக்களும் பகுதி பகுதியாகச் செலுத்திய பணத்தினால் எழுந்த அவ்வரங்கின் தூண்களில், போரில் உயிர் நீத்தவர் பெயர்கள் பொறிக்கப்பட்டன. பணம் கொடுத்தவர் வேறு, பெயர் பெற்றவர் வேறு. இம்மரபைக் கருத்திற் கொண்டாலே பின்னர் எழுந்த வழக்குகளின் வேகம் விளங்கும்.

பெயர் விற்பனை முதலில் வேரூன்றியது தொழின்முறை ஆட்டக்காரரின் அரங்குகளிலேயே. 1973இல் நியூயோர்க் மாநிலத்துப் பபலோ நகருக்கு அருகே திறக்கப்பட்ட அரங்குக்கு, உணவுப்பொருள் செய்யும் றிச் என்னும் நிறுவனம் 25 ஆண்டுகளுக்குப் 15 இலட்சம் டொலர் தருவதாக ஒப்பி, தன் பெயரைச் சூட்டியது. சில ஆண்டுகளில் அவ்வழக்கம் அதே மாநிலத்துச் சிறக்கியூஸ் பல்கலைக்கழகத்தை எட்டியது. அப்பல்கலைக்கழகம் கூரையிட்ட புதிய அரங்கொன்றைக் கட்டத் துணிந்தபோது, அந்நகரத்துக் குளிரூட்டி இயந்திர நிறுவனமாகிய கரியர் 27½ இலட்சம் டொலர் கொடுத்தது. 1980இல் திறக்கப்பட்ட மண்டபம் 'கரியர் டோம்' எனப் பெயர் பெற்றது. மொத்தச் செலவோ ஏறத்தாழ 2 கோடி 70 இலட்சம் டொலர். அதாவது, செலவிற் பத்திலொரு பங்கைக் கொடுத்தவருக்குப் பெயர் முழுவதும் கிடைத்தது. அதுவும் என்றென்றைக்கும் எனக் கிடைத்தது. குளிரூட்டி செய்பவர் பெயர் தாங்கிய அம்மண்டபத்திற் பல்லாண்டுகளாகக் குளிரூட்டும் வசதியே இருக்கவில்லை என்பது அவ்வூரார் சொல்லிச் சிரிக்கும் செய்தி. காலம் மாறியபின் அந்த 'என்றென்றைக்கும்' பல்கலைக்கழகத்துக்குச் சுமையாயிற்று. பழைய நிறுவனத்துடன் பிணக்குத் தீர்ந்த பின்னரே 2022இல் மண்டபம் வேறொரு நிறுவனத்தின் பெயரைப் பெற்றது. காலவரையறையின்றிப் பெயரைக் கொடுத்தல் தகாது என்பது அதிலிருந்து பிறர் கற்ற பாடம்.

இன்றைய முறையை விளக்குதற்குக் கொலறாடோ மாநிலப் பல்கலைக்கழகம் தக்க உதாரணமாகும். அதன் பழைய அரங்கு, ஹியூஸ் என்னும் பயிற்றுநரின் பெயரால் 1968இல் வளாகத்துக்குப் புறம்பே கட்டப்பட்டது. புதிய அரங்கு வளாகத்தின் உள்ளேயே 22 கோடி டொலர் செலவில் எழுந்து, 2017இல் திறக்கப்பட்டது. இத்துணைப் பணம் எங்கிருந்து வரும்? பல்கலைக்கழகம் பிணைமுறிகளை விற்றுக் கடன் பெறுகின்றது. அக்கடனை ஆண்டுதோறும் வட்டியும் முதலுமாக அடைத்தல் வேண்டும். ஆனால் ஓர் அரங்கிற் சொந்தக் குழு ஆடும் பெரிய ஆட்டங்கள் ஆண்டொன்றுக்கு ஆறு அல்லது ஏழு மாத்திரமே. நுழைவுச் சீட்டு, செல்வர்க்கான தனி அறைகள், சிற்றுண்டி, வாகனத் தரிப்பிடம் ஆகிய யாவும் அச்சில நாட்களிலேயே வருவாய் தரவேண்டும். ஆட்டம் இல்லாத நாளிலும் வருவாய் தரக்கூடியது ஒன்று உண்டு, அதுவே பெயர். வீதிப் பலகையிலும், நிலப்படத்திலும், பத்திரிகையிலும், தொலைக்காட்சி வருணனையாளரின் நாவிலும் ஆண்டு முழுவதும் வழங்குவதால், விளம்பரம் தேடும் நிறுவனங்கள் அதற்கு விலை கொடுக்கின்றன.

அப்பல்கலைக்கழகம் பெயரை இரு கூறாக்கியது. ஆடுதளத்துக்கு, அங்கு நெடுங்காலம் பயிற்றுநராயிருந்த சொனி லூபிக்கின் பெயர் சூட்டப்பட்டது. தம் பெயரை வெளியிட விரும்பாத கொடையாளர் ஒருவர் 2 கோடி டொலர் கொடுத்து, அம்முதியவர் பெயரே நிலைக்கும்படி செய்தார். தன் பெயரை மறைத்துப் பிறர் பெயரை நாட்டிய அக்கொடை எண்ணத்தக்கது. அரங்கின் பெயரையோ 2018இல் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் 15 ஆண்டுகளுக்கு 3 கோடி 77 இலட்சம் டொலருக்கு வாங்கியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் டொலர். கட்டிடச் செலவில் ஆறிலொரு பங்கினும் சற்று மிகுதி. அதே ஆண்டில் அச்சங்கம் தன் பெயரைக் 'கன்வஸ்' என மாற்றிக்கொண்டமையால் அரங்கும் கன்வஸ் அரங்காயிற்று. விலைபோன பெயர், வாங்கியவனோடு சேர்ந்து மாறுந் தன்மையது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஆதலின் இவ்வகை ஒப்பந்தங்களை எழுதுவோர் சில செய்திகளில் விழிப்பாயிருத்தல் வேண்டும். பெயர் எத்தனை ஆண்டுக்கு உரியது, பணம் எத்தனை தவணைகளில் வரும், எழுத்துக்கள் எங்கெங்கே எவ்வளவு பெரிதாகத் தோன்றும், அதே தொழில் செய்யும் போட்டி நிறுவனத்துக்கு அரங்கினுள் இடம் உண்டா, வாங்கியவர் பெயருக்கு இழுக்கு நேர்ந்தால் ஒப்பந்தத்தை முறிக்கலாமா என்பன அவை. இறுதியில் உள்ளது வீண் அச்சமன்று. லூயிவில் பல்கலைக்கழகத்தின் அரங்கு 1998 முதல் ஓர் உணவு நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருந்தது. அதனைத் தோற்றுவித்தவர் கறுப்பின மக்களை இழித்துரைக்கும் சொல்லொன்றைக் கூறினார் என்னும் செய்தி 2018இல் வெளியானதும், பல்கலைக்கழகம் அப்பெயரை நீக்கவேண்டியதாயிற்று.

பெயரை விற்கும் உரிமை உண்மையில் எவருடையது என்னும் கேள்வியும் எழுகின்றது. லொஸ் ஏஞ்சலிஸ் நினைவரங்கு, முதலாம் உலகப்போரிற் பணியாற்றிய வீரரின் நினைவாக 1923இல் திறக்கப்பட்டது. 1932, 1984 ஆகிய இரு ஒலிம்பிக் விழாக்களைக் கண்டது. பொதுச் சொத்தாகிய அதனைக் குத்தகைக்குப் பெற்று நடத்தும் தென் கலிபோர்ணியப் பல்கலைக்கழகம், புதுப்பிக்கும் செலவுக்காக 2018இல் யுனைற்றெட் விமானச் சேவையுடன் உடன்படிக்கை செய்தது. 16 ஆண்டுகளுக்கு 6 கோடி 90 இலட்சம் டொலர். நினைவரங்கு என்னும் பெயருக்கு முன்னே விமான நிறுவனத்தின் பெயரைச் சேர்ப்பது நோக்கம். முன்னாட் படைவீரர் வெகுண்டனர். இறந்தோர்க்கு அர்ப்பணித்த பெயரை உயிருள்ளோர் விலைபேசலாமோ என்பது அவர்தம் வாதத்தின் சாரம். முடிவில், அரங்கின் பெயர் பழையபடியே நிற்க, ஆடுதளம் மாத்திரம் அந்நிறுவனத்தின் பெயரைப் பெற்றது.

வாங்க வருபவர் யார் என்பதும் கவனித்தற்குரியது. புளோறிடா அத்திலாந்திக் பல்கலைக்கழகம் 2011இல் புதிய அரங்கொன்றைத் திறந்தது. 2013இல், தனியார் சிறைச்சாலைகளை நடத்தும் நிறுவனம் ஒன்று 12 ஆண்டுகளில் 60 இலட்சம் டொலர் தந்து, அதற்குத் தன் பெயரைச் சூட்ட முன்வந்தது. அந்நிறுவனத்தின் தலைவர் அப்பல்கலைக்கழகத்தின் பழைய மாணவரே. எனினும், மனிதரைச் சிறையிட்டு இலாபம் ஈட்டுவோர் பெயர் கல்விக்கூடத்தில் விளங்குதல் தகாது என மாணவர் கிளர்ந்தனர். அப்பல்கலைக்கழகக் குழுவின் சின்னம் ஆந்தை. அச்சொல்லை அல்கற்றாஸ் என்னும் பேர்பெற்ற சிறைத்தீவின் பெயரோடு இணைத்து அரங்குக்கு எள்ளற் பெயரிட்டனர். இரண்டு திங்களுக்குள் நிறுவனமே விலகிக்கொண்டது. கையிற் பணமில்லாத இளைஞர், பணத்தாற் பெறமுடியாத ஒன்றைத் தம் கலைக்கழகத்துக்குக் காத்துக்கொடுத்தனர்.

இவை யாவற்றையும் நோக்கிப் பெயர் விற்பனை முற்றும் தீது எனத் தள்ளிவிடுதல் நடுநிலையாகாது. அரங்குக்கான கடன் எவ்வாறேனும் தீர்ந்தாக வேண்டும். நிறுவனம் கொடாத பணத்தை மாணவரின் கட்டணத்திலோ வரி செலுத்துவோரின் உழைப்பிலோ பெறநேரிடலாம். மேலும், 2025இல் நீதிமன்றம் ஏற்ற இணக்கத் தீர்வொன்றின்படி, பல்கலைக்கழகங்கள் தம் விளையாட்டு வீரர்க்கு ஆண்டொன்றில் ஏறத்தாழ 2 கோடி டொலர் வரை நேரடியாகப் பகிர்ந்தளிக்க இடமுண்டாயிற்று. உழைப்பவர்க்குப் பங்கு கிடைப்பது நன்று; ஆயின் அப்பங்குக்குரிய பணத்தையும் தேடவேண்டியிருத்தலின், விற்கக்கூடிய பெயர்களைத் தேடுவோர் தொகையும் பெருகுகின்றது.

இந்நெருக்கடியிலும் ஒரு புதுவழி தோன்றியுள்ளது. தெனசீப் பல்கலைக்கழகத்தின் அரங்கு ஓர் இலட்சம் பேருக்கு மேல் இருக்கத்தக்கது. 1962 முதல் நேலண்ட் என்னும் படைத்தளபதியும் பயிற்றுநருமானவரின் பெயரைத் தாங்கியது. 2024இல் அவ்வூரில் தலைமையகம் கொண்ட பைலட் என்னும் எரிபொருள் நிறுவனம் பெருந்தொகை கொடுத்து உடன்படிக்கை செய்தது. பெயரை மாற்றுவதற்கன்று, பழைய பெயர் மாறாதிருப்பதற்கு! தன் அடையாளச் சின்னம் அரங்கில் விளங்குவதே அந்நிறுவனம் பெற்ற பயன். பழம் பெயரைக் காப்பதும் சிறந்த விளம்பரமாகும் என அவர்கள் கண்டுகொண்டனர் போலும்.

கட்டிடம் பழுதுற்றால் மீண்டும் கட்டலாம். கடன் பட்டால் மெல்ல அடைக்கலாம். ஒரு கல்விக்கூடத்தின் பெயரோ அதிற் கற்றோர், கற்பித்தோர், அதற்காக உயிர் கொடுத்தோர் அனைவருக்கும் பொதுவுடைமை. அதில் ஒரு கூற்றை விலைக்கு விடுமுன், எவ்வளவு கிடைக்கும் எனக் கணக்கர் கேட்பது முறையே. யாரிடமிருந்து, எத்தனை காலத்துக்கு, எவருடைய நினைவை அகற்றி என்னும் கேள்விகளைக் கேட்பது ஆட்சிக்குழுவின் கடமை. அவற்றை அது கேளாதொழிந்தால், மாணவரும் பழைய மாணவரும் கேட்பர் என்பதை மேற்கூறிய நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.