பழவேற்காடு: ஒரே வாசல்

பழவேற்காட்டுக்கு ஒரு நாள் போய்வர நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று நண்டும் இறாலும்; இன்னொன்று ஏரியும் பூநாரையும். சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர்தான். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால், காலை வெயில் ஏறுவதற்குள் போய் விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடலாம். சாப்பாடு ஒரு கணக்கு, காட்சி ஒரு கணக்கு என்று பிரித்து வைத்துக்கொண்டு போவதுதான் வழக்கம். இந்த ஊரில் அப்படிப் பிரிக்க முடியாது என்பதே இந்த வாரம் நான் சொல்ல வருவது. தட்டில் விழும் இறாலையும் தூரத்துத் தண்ணீரில் வெளிறிய சிவப்பாக நிற்கும் பறவையையும் நமக்குத் தருவது ஒரே வாசல்: ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம். அந்த வாசலை அறிந்து போகிறவருக்குத்தான் பழவேற்காடு முழுதாகக் கிடைக்கும்.

இறாலிலிருந்தே தொடங்கலாம். வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குஞ்சாக, கடல் ஏற்றத்தோடு முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வருகிறது. ஏரி ஆழமற்றது, பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்கூட இருக்காது. ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் நன்னீர், கடலின் உப்பு, அடியில் படிந்த வண்டல் எல்லாம் கலந்த அந்த இடம் குஞ்சுக்குத் தொட்டில். சில மாதம் தின்று வளர்ந்த பிறகு, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வடியும் வத்தம் பலமாக இழுக்கும்போது அது மறுபடி கடலுக்குத் திரும்பப் பார்க்கும். அந்த வழியில்தான் சுத்துவலை காத்திருக்கிறது. ஆகவே, ‘இன்றைக்கு இறால் நல்லா இருக்கா?’ என்று கடையில் கேட்பது பாதிக் கேள்வி. பிறையையும் முகத்துவாரத்தின் நிலையையும் பார்த்தால் மீதிப் பாதிக்கும் விடை கிடைத்துவிடும்.

நண்டின் கதையும் இதுவே. பழவேற்காட்டின் பச்சை நண்டு சேற்றில் வளை தோண்டி வாழ்வது; சினை பிடித்த பெண் நண்டு முட்டை விடக் கடலுக்குப் போகும். பிடித்தவுடன் இரண்டு பெருங்கால்களையும் உடம்போடு மடக்கிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். இல்லையென்றால் விரலை நறுக்கிவிடும். வாங்கத் தெரிந்தவர் நண்டைப் புரட்டி, அடியோட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். ஓடு கல்லாக இருந்தால் உள்ளே சதை நிறைந்திருக்கிறது. அமுங்கினால் அது அண்மையில் ஓடு கழற்றியது. சதைக்குப் பதில் தண்ணீர்தான் இருக்கும். எடை மிகுந்த நண்டுகள் உயிரோடு சிங்கப்பூர் வரை போகின்றன. ஊரில் தங்குவது நடுத்தர அளவு. ருசிக்கு அதில் குறையில்லை என்பது என் எண்ணம். மிளகும் சோம்பும் தூக்கலாக அரைத்த குழம்பில் அந்த அளவு நண்டுதான் மசாலாவை உள்ளே வாங்கும். வஞ்சிரம் வறுவல்தான் வேண்டும் என்று இங்கே வந்தும் பிடிவாதம் பிடிப்பது வருத்தமான விஷயம். வஞ்சிரம் கடல் மீன். ஏரி தருவது மடவை, கொடுவா, நண்டு, இறால்.

இனி காட்சிக்கு வருவோம். பூநாரை நின்றபடியே தலையைக் கவிழ்த்து, அலகால் தண்ணீரை வடிகட்டித் தின்னும் பறவை. அதன் கால் நிலைக்கும் அளவுக்குத்தான் தண்ணீர் இருக்கவேண்டும். அதன் இறகுச் சிவப்பே உணவிலிருந்து வருவது. பாசியிலும் நுண்ணிய நீருயிர்களிலும் உள்ள நிறமிதான் இறகில் ஏறுகிறது. இறாலை வளர்க்கும் அதே கலப்பு நீர்தான் பறவைக்கும் நிறம் கொடுக்கிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்து, வெள்ளம் மணல்மேட்டை உடைத்து வாசலைத் திறந்துவிட்ட பிறகு, தை, மாசி மாதங்களில் சாப்பாடும் காட்சியும் சேர்ந்து நிறைவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். (1613-ல் டச்சுக்காரர் கட்டிய கெல்ட்ரியா கோட்டையின் இடிபாடும், எலும்புக்கூடு செதுக்கிய தூண்கள் வாசலில் நிற்கும் அவர்களது கல்லறைத் தோட்டமும் எந்த மாதத்திலும் பார்க்கக் கிடைக்கும்.)

கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து தள்ள, வாசல் குறுகும். சில ஆண்டுகளில் அடைந்தே போகும். அப்போது வெயில் ஏரியைக் காய்ச்சுகிறது, உப்பு கடல்நீரையும் மிஞ்சுகிறது, குஞ்சு உள்ளே வர வழியில்லை. இருபுறமும் நேர்கல் சுவர் எழுப்பினால் வாசல் எப்போதும் திறந்திருக்கும் என்பது மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை; அரசும் அதற்குத் திட்டம் வகுத்தது. கோரிக்கை நியாயமானது. ஆனால் இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. குறுக்கே கல் நின்றால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் வந்த பிறகு அந்தக் கரை மக்கள் இதைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள். காட்டுப்பள்ளி விரிவாக்கத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் இவ்வளவு உறுதியாக எதிர்ப்பதை இந்தப் பின்னணியில்தான் பார்க்கவேண்டும்.

ஒரு நாள் வந்து போகிறவருக்கு இவ்வளவு எதற்கு, சுற்றுலாவைப் பெருக்கினால் ஊருக்கு வருமானம்தானே என்று கேட்கலாம். வருமானம் தேவைதான். ஆனால் எதை விற்று? 2011 கிறிஸ்துமஸ் அன்று இந்த ஏரியில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அமைதியான குளம்போலத் தோன்றும் இந்த நீருக்குள் ஏற்றமும் வத்தமும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அதை மதிக்காத சவாரி விளையாட்டாகாது. மாறாக, பருவத்துக்குக் கிடைக்கும் மீனைக் கேட்டு வாங்கிச் சாப்பிடும் பயணி கொடுக்கும் பணம், பிடித்தவர் கைக்குப் பக்கத்தில் போய்ச் சேருகிறது. அதற்குப் படகுத்துறையும் வேண்டாம், ரிசார்ட்டும் வேண்டாம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: பிடிக்கும் உரிமை ஊரில் யாருக்கு என்பது. முகத்துவாரத்தை ஒட்டிய இறால் இடங்களை இங்கே ‘பாடு’ என்பார்கள். எந்த நாளில் எந்தப் பாட்டில் யார் வலை கட்டுவது என்பதைச் சில குப்பங்கள் சீட்டுப் போட்டு, தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, முறைவைத்துப் பிரித்துக்கொள்கின்றன. நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாமல் காக்கும் இந்த ஏற்பாட்டை ஆய்வாளர்கள் பலர் புகழ்ந்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தலைக்கட்டு ஒரு சாதிக்குள் அடங்கியது. வெளியே நிற்பவருக்குச் சீட்டு இல்லை. அப்படியிருக்க, ஊரின் ஒழுங்கைப் போற்றுவது அந்த விலக்கையும் போற்றுவதாகாதா? ஆகும், பாதியை மட்டும் சொன்னால். மீதியையும் சொல்லவேண்டும். பாட்டில் இடமில்லாத இருளர் பெண்கள் கழுத்துவரை நீரில் அமிழக் குனிந்து, சேற்றை இரு கைகளாலும் தடவி, விரலில் தட்டுப்படும் இறாலை ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். சந்தைக்கு வந்த பிறகு எது வலையில் விழுந்தது, எது விரலில் சிக்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. வாசல் அடைபட்ட மாதங்களில் படகு வைத்திருப்பவர் மணற்கரையிலிருந்து கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகலாம். பறியைப் பல்லில் பிடித்திருப்பவருக்கு இந்த ஏரியை விட்டால் வேறு தண்ணீர் இல்லை.