குணமாகாத நோயில் விசுவாசம் என்ன செய்யும்?

வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஜொகூர் பாரு பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் ஒரு சிறுநீரக நோயாளி பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய் வருவார். கையில் இரண்டு ஊசி: ஒன்று இரத்தத்தை வெளியே எடுக்கும், மற்றது சுத்தமானதைத் திருப்பிச் சேர்க்கும். முடியும் வரை அந்தக் கையை அசைக்கக் கூடாது. வீட்டுக்கு வந்தாலும் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். அவர் கிறிஸ்தவராக இருந்தால், படுத்திருக்கும் நேரத்தில் ஒரு கேள்வி உறுத்தும்: "இவ்வளவு ஜெபித்தும் ஏன் சுகம் வரவில்லை? என் விசுவாசம் போதவில்லையா?"

போதவில்லை என்று வேதம் சொல்லவில்லை. தம் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி பவுல் மூன்று தரம் வேண்டினார். முள் நீங்கவில்லை, தாங்கும் கிருபை கிடைத்தது. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம், 12ஆம் அதிகாரத்தில் இதை அவரே எழுதியிருக்கிறார். வேதனையில் கேள்வி கேட்பதும் பாவமல்ல. 88ஆம் சங்கீதம் புலம்பலாகத் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில் இருக்கும் ஜெபம்தான்.

நம் தமிழ் மண்ணிலேயே இதை வாழ்ந்து காட்டியவர் ஏமி கார்மைக்கேல். திருநெல்வேலிச் சீமையில், டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்தவர். அவர்கள் அவரை 'அம்மா' என்றே அழைத்தார்கள். 1931இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன்பின் 1951இல் இறக்கும் வரை, ஏறக்குறைய 20 ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறையிலேயே வலியோடு கிடந்தார். நலமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்காக எழுதிய ஆறுதல் அவர் மனத்தில் ஒட்டவில்லை. அதனால் படுக்கையில் இருந்தே, நோயாளி நோயாளிக்கு எழுதும் கடிதங்களாக 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்ற நூலை எழுதினார். முன்போல் அவர் எழுந்து நடமாடும் நாள் திரும்ப வரவில்லை. ஆனால் பிறருக்குக் கொடுக்க அவரிடம் ஒன்று இருந்தது. ஆவிக்குரிய நலம் என்பது இதுதான்: உடல் தேறாதபோதும் ஆண்டவரிடம் உண்மையைச் சொல்ல முடிவது, தனித்து விடப்படாமல் இருப்பது, இன்னொருவருக்குப் பயன்படுவது.

நீண்ட ஜெபத்துக்குத் தெம்பு இல்லையா? ஒரு வரி போதும். வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்றே சொல்லுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் பெயரைச் சொல்லியும் ஜெபியுங்கள், அதுவும் ஊழியமே. மருந்தையும் சிகிச்சையையும் நிறுத்தாதீர்கள். நோயாளி சபையின் மூப்பரை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லும் யாக்கோபு நிருபம், வைத்தியரை விட்டுவிடச் சொல்லவில்லை. பவுலோடு இருந்த லூக்காவே ஒரு வைத்தியர்தான். மனச்சோர்வு விடாமல் வாட்டினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சபையாருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஆராதனை கடைவீட்டு மாடியில் நடந்தால், படியேற முடியாதவரைத் தேடி நீங்கள்தான் போக வேண்டும். போன இடத்தில் அவருடைய விசுவாசத்தை அளந்து பார்க்காதீர்கள். உட்காருங்கள், கேளுங்கள், சிகிச்சைக்குக் காரில் கூட்டிப்போக ஒரு நாளை ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் கேட்கும் ஜெபத்துக்குப் பதில் பல நேரம் அப்படித்தான் வீட்டு வாசலுக்கு வருகிறது.