மடிக்கணினியும் மறுபிரதியும்



சில ஆண்டுகளுக்கு முன், எம்மோடு பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்திற்கு இரவுப் புகையிரதத்தில் திரும்பிக்கொண்டிருந்தார். மடிக்கணினி இருந்த பையைத் தலைக்கு மேலுள்ள தட்டில் வைத்துவிட்டுச் சற்றே கண்ணயர்ந்தார். விழித்தபோது பை இல்லை. சிறுகச் சிறுகச் சேமித்து இரண்டு ஆண்டுகளில் வேறொரு கணினியை வாங்கிவிட்டார். ஆனால், ஊர் முதியோரிடம் அவர் பதிவு செய்து வைத்திருந்த ஒப்பாரிப் பாடல்கள் திரும்பவில்லை. பாடியோரிற் பலர் அதற்குள் காலமாகிவிட்டனர்.

இந்நிகழ்ச்சி உணர்த்துவது யாது? களவு போவன இரண்டு. ஒன்று பொருள், மற்றது அப்பொருளினுள் இருக்கும் உழைப்பு. முன்னதைப் பணம் ஈடுசெய்யும். பின்னதை மறுபிரதி ஒன்றே ஈடுசெய்யும்.

முதலிற் பொருளைக் காக்கும் வகையைக் காண்போம். பயணத்தின்போது பையை மடியில் வைத்திருங்கள். உறக்கம் வருமெனின் அதன் வாரைக் கையிற் சுற்றிக்கொள்ளுங்கள். நூலகத்திலும் அலுவலகத்திலும் எஃகு வடம் கொண்ட பூட்டினால் கணினியை மேசையுடன் பிணைக்கலாம். பல மடிக்கணினிகளின் ஓரத்தில் இதற்கெனச் சிறு துளை உண்டு. வடத்தை வெட்ட இயலும். எனினும், நொடிப்பொழுதில் தூக்கிச் செல்லும் கள்வனை அது தடுக்கும். கணினியின் தொடர் இலக்கத்தைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யும்போது, பொருள் உங்களுடையதே என நிறுவ அது உதவும்.

கடவுச்சொல் இருக்கிறதே, அது போதாதா எனச் சிலர் வினவலாம். போதாது. உள்ளிருக்கும் வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தால், மறைகுறியாக்கம் செய்யப்படாத கோப்புகளை வாசித்துவிடலாம். விண்டோஸில் பிட்லொக்கர், மக் கணினியில் பைல்வோல்ட் ஆகியன வன்தட்டு முழுவதையும் மறைகுறியாக்குவன. அவற்றின் மீட்புக் குறியீட்டைக் கணினிப் பையினுள்ளே வைப்பது, பூட்டிலேயே திறப்பைத் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும்.

இனி, உழைப்பைக் காக்கும் வகை. "மூன்று, இரண்டு, ஒன்று" என்பது இத்துறையோர் கூறும் விதி. கோப்பு ஒன்றுக்கு 3 பிரதிகள். அவை 2 வகையான சாதனங்களில். அவற்றுள் 1 வேறிடத்தில். கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பகத்தில் ஒன்று என வைப்பின் விதி நிறைவேறும். வெளி வன்தட்டையும் கணினிப் பையிலேயே கொண்டு திரிவோர், கள்வனுக்கு இரண்டையும் ஒருங்கே அளிப்பவராவர். இணையச் சேமிப்பகங்களுள், கணினியில் அழித்த கோப்பு தானும் அழியுமாறு அமைந்தவை உள. ஆதலால் அதனை மட்டும் நம்பலாகாது. மாதம் ஒருமுறையேனும் ஒரு கோப்பைப் பிரதியிலிருந்து திறந்து பாருங்கள். திறவாத பிரதி பிரதியன்று.

இது நமக்குப் புதிய பாடமன்று. ஏடுகள் செல்லரிக்குமுன் நம் முன்னோர் படியெடுத்து வைத்தனர். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியமையால், ஏட்டில் இருந்த நூல் பலர் கைக்கும் எட்டியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறிடத்திற் பிரதியுள்ள நூல்களை மீண்டும் தேடிப் பெற வழியிருந்தது. ஒற்றைப் பிரதியாக இருந்த ஏடுகளோ சாம்பலோடு சாம்பலாயின.

உங்கள் கணினியில் ஒற்றைப் பிரதியாக இருப்பது எது? நாளை பார்ப்போம் என்னாது, இன்றிரவே அதற்கொரு துணைப் பிரதி எடுத்து வையுங்கள்.