மூக்குக் கண்ணாடியும் ஒரு தொழிற்கருவியே

பண்ணுருட்டியிலிருந்து வடலூர் செல்லும் சாலையில் காடாம்புலியூரைக் கடந்து போவோர், முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் கண்டு மகிழ்வர். அத்தோப்புகளின் பின்னே உள்ள வீட்டுத் திண்ணைகளை நோக்குவோர் சிலரே. சென்ற திங்கள் தணிக்கையின் பொருட்டு அப்பக்கம் சென்றிருந்த நாம், அத்தகைய திண்ணை ஒன்றில் சிறிது நேரம் அமர்ந்திருந்தோம். ஐம்பதை நெருங்கிய அம்மையார் ஒருவர் முந்திரிப் பருப்பின் தோலை உரித்துக் கொண்டிருந்தார். ஒவ்வொரு பருப்பையும் கையை நீட்டித் தொலைவில் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தோலு ஒட்டியிருக்கிறது தெரிய மாட்டேங்குது ஐயா. பருப்பும் உடைஞ்சு போகுது, கூலியில பிடிச்சுக்கிறாங்க. வயசாயிடுச்சு, இனி என்ன செய்யறது?" என்றார்.

அவருடைய விரல்கள் சற்றும் தளரவில்லை என்பதை நாம் கண்ணாரக் கண்டோம். தளர்ந்தது கண்ணுக்குள் இருக்கும் வில்லை மட்டுமே. நாற்பது வயதுக்கு மேல் அவ்வில்லை நெகிழ்ச்சி குன்றி இறுகுவதால், அருகில் உள்ள பொருள் மங்கலாகத் தோன்றுகிறது. இதனை வெள்ளெழுத்து என்றும் சாளேசுரம் என்றும் நம் முன்னோர் வழங்கினர். இது நோயன்று, எவரையும் விடாத இயற்கை. தக்க குவிவில்லைக் கண்ணாடி ஒன்று போதும். ஆயினும் அக்கண்ணாடி கிடைக்காமல் உலகில் 82 கோடிக்கு மேற்பட்டோர் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு அறிக்கையில் தெரிவித்தது.

குறிஞ்சிப்பாடிப் பக்கத்து நெசவாள அங்கத்தினர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிச்சிடவும், விழுதில் நூல் கோக்கவும் மகனையோ பேரனையோ கூவி அழைக்கும் தறிக்காரர் எத்தனை பேர்! தறியின் பலகை உடைந்தால் மறுநாளே தச்சரை அழைக்கிறோம். கண் மங்கினால் மட்டும் வயதின் மேல் பழி போட்டு வாளாவிருக்கிறோம்.

இதனால் விளையும் நட்டம் எவ்வளவு? அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் 2017ஆம் ஆண்டு ஒரு சோதனை நடந்தது. நாற்பதும் அதற்கு மேலும் வயதுடைய 751 தொழிலாளரில் ஒரு பாதியினருக்கு உடனே கண்ணாடி வழங்கப்பட்டது. மறு பாதியினருக்குச் சோதனை முடிந்த பின்னர் வழங்கப்பட்டது. பறித்த இலையை நாள்தோறும் எடை போட்டு ஒப்பிட்டபோது, கண்ணாடி அணிந்தோரின் உழைப்புத் திறன் மற்றவரினும் ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்திருந்தது. ஐம்பதைக் கடந்தோரிடம் உயர்வு இன்னும் மிகுதி. தராசு சொல்லும் கணக்காதலால், ஐயத்தையே தொழிலாகக் கொண்ட எம்மனோர்க்கும் இதில் ஐயம் எழவில்லை. வங்காள தேசத்தில் நடந்து 2024இல் வெளியான மற்றோர் ஆய்விலும், கண்ணாடி பெற்ற ஏழைத் தொழிலாளரின் வருவாய் மூன்றில் ஒரு பங்களவு உயர்ந்தது.

கண்ணாடியை மலிவாக்குவது ஒரு பாதி. ஊருக்குக் கொண்டு செல்வது மறு பாதி. இவ்விரண்டிலும் நம் மாநிலம் எவருக்கும் பின்தங்கியதன்று. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கியதே அரவிந்த் கண் மருத்துவமனை. இளமையில் மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப் போன அவர், அவ்விரல்களைக் கொண்டே அறுவை மருத்துவம் பயின்றவர். பணம் தரக்கூடியோர் தரும் கட்டணமே, தர இயலாதோரின் மருத்துவத்தையும் தாங்குகிறது. நமக்கு அருகே புதுச்சேரியில் அதன் கிளை 2003ஆம் ஆண்டு தொடங்கியது.

நாம் பெரிதும் போற்றுவது வேறொன்று. பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து, இரண்டு ஆண்டுகள் பயிற்றி, கண்ணைச் சோதிக்கவும் கண்ணாடியைப் பொருத்தவும் அவர்களையே அம்மருத்துவமனை பணியில் அமர்த்துகிறது. சிற்றூர்களில் அது நடத்தும் பார்வை மையங்களில் அத்தகையோரே சோதனை செய்கின்றனர். மருத்துவர் தொலைவிலிருந்து காணொலி வழியே ஆலோசனை கூறுகிறார். கண்ணொளி பெறுவோரும் ஊரார். கூலி பெறுவோரும் ஊரார். வங்காள தேசத்திலும் பிராக் என்னும் நிறுவனத்தின் ஊர்ப் பணிப்பெண்கள் வீடுதோறும் சென்று சோதித்து, வெள்ளெழுத்துக் கண்ணாடியைக் குறைந்த விலைக்கு விற்கின்றனர்.

சந்தையில் குவித்து விற்கும் கண்ணாடியை அணிந்தாலென்ன என்று சிலர் கேட்கக்கூடும். இரு கண்ணும் ஒரே அளவில் மங்கியவருக்கு அது உதவலாம். ஆயினும் கண்புரையும், கண்ணழுத்த நோயும், நீரிழிவால் வரும் கேடும் சந்தைக் கடையில் புலப்படா. ஆதலின் முதலில் சோதனை, பின்னரே கண்ணாடி.

இவற்றையெல்லாம் திண்ணை அம்மையாரிடம் எடுத்துக் கூறினோம். "ஒரு நாள் கூலி போயிடுமே; பஸ்ஸுக்கு வேற காசு" என்றார். சற்றுப் பொறுத்து, "இந்த வயசுல கண்ணாடி போட்டா ஊரு சிரிக்காதா?" என்றும் கேட்டார். இரண்டாவது கேள்விக்கு விடையாக நம் மூக்கின் மேலிருந்ததைச் சுட்டிக் காட்டினோம். அவர் சிரித்து விட்டார். முதற் கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. அதற்கு விடை கூற வேண்டியவை சங்கங்களே.

நெசவாளர் துணியை ஒப்படைத்துப் பாவும் ஊடையும் பெற்றுச் செல்லச் சங்கத்துக்கு வரும் நாளன்று அங்கேயே முகாம் வைத்தால், எவருக்கும் கூலி கெடாது. முந்திரிப் பகுதியிலோ, கொட்டை விழும் சித்திரை வைகாசியை விடுத்து வேறு மாதத்தைத் தேர்வது நலம். கண்ணாடியின் விலையைச் சிறு தவணைகளாகப் பிடிக்கலாம். துணைவிதி இடந்தரும் சங்கங்கள் பொது நன்மை நிதியிலிருந்து ஒரு பகுதியை ஏற்கலாம். செயலாளர்கள் நாற்பது வயதைக் கடந்த அங்கத்தினரின் பட்டியலை இப்பொழுதே எழுதி வைத்துக் கொள்வார்களாக. அடுத்த முறை தணிக்கைக்கு வரும்போது, கையிருப்புப் பதிவேட்டோடு அப்பட்டியலையும் கேட்போம்.