வினாத்தாளில் தமிழ் ஏன் மறைகிறது?

மறுநாள் காலை அலகுத் தேர்வு. அறிவியல் வினாத்தாளைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு மாலையில் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கோப்பைத் திறந்ததும் திரை முழுவதும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும். “இது என்ன மொழி சார்?” என்றார் கடைக்காரர். பள்ளிக் கணினியில் அச்சுப்போலத் தெரிந்த தமிழ்தான் அது. மறுநாள் வினாக்களைக் கரும்பலகையில் எழுதித் தேர்வை நடத்தினேன்.

கோப்பு கெட்டுப்போகவில்லை. நம் பள்ளிகளில் இன்றும் புழங்கும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் உருவம் வரைந்து வைக்கப்பட்டிருக்கிறது. பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டச்சு செய்தால் கணினி சேமிப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினி, உள்ளதை உள்ளபடி காட்டிவிடுகிறது. ஆளுக்கொரு குறியீட்டு முறை இருந்ததால், 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற பொதுக் குறியீடுகள் வந்தன. ஆனாலும் பழைய முறைகள் மறையவில்லை.

ஒருங்குறியில் ‘த’ என்பதற்கென்றே தனி எண் உண்டு. எழுத்துரு மாறினால் அழகு மாறும்; எழுத்து மாறாது. தமிழ்நாடு அரசும் 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. விண்டோஸில் நிர்மலா போன்றவை கூடவே வருகின்றன. நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, கேட்டமரான் ஆகியவற்றை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

கையிலுள்ள கோப்பு எந்த வகை? ஒரு வரியைத் தேர்ந்து ஏரியல் எழுத்துருவுக்கு மாற்றிப் பாருங்கள். தமிழாகவே நின்றால் ஒருங்குறி. ஆங்கில எழுத்தாகச் சிதறினால் பழையது. உடனே பழைய எழுத்துருவுக்கே திருப்பிவிடலாம், ஒன்றும் ஆகாது.

பழைய வினா வங்கியை ஒருங்குறிக்கு மாற்ற என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் உள்ளன. நான் பட்ட பாடு இங்கேதான். மாற்றிக்கு எது தமிழ், எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது. பாமினியில் எக்ஸ் என்ற விசையில் ‘ஒ’, ஒய் விசையில் ‘ல’ இருப்பதால், இயற்கணிதத்தின் எக்ஸும் ஒய்யும் ‘ஒ’, ‘ல’ ஆகிவிடும்! ஆகவே தமிழ்ப் பகுதியை மட்டும் தனியே எடுத்து மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு கொம்பும் காலும் சேரும் ஒகர ஓகார எழுத்துகளையும், வினா எண்களையும் கண்ணால் சரிபார்க்க வேண்டும். கணித, அறிவியல் ஆசிரியர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும் வேலைதான்.

வடிவமைப்பாளர்கள் நூற்றுக்கணக்கான எழுத்துருக்களை ஆள நெக்ஸஸ்ஃபான்ட், ஃபான்ட்பேஸ் போன்ற மேலாண்மை மென்பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள். ஒரே வாக்கியத்தை எல்லா எழுத்துருவிலும் காட்டும், தொகுதி பிரிக்கும், தேவையானதை மட்டும் இயக்கி மற்றதை ஓய்வில் வைக்கும். பள்ளி ஆண்டு மலரை நாமே வடிவமைத்தால் இது உதவும். வினாத்தாளுக்கு மட்டும் என்றால் அவ்வளவு தேவையில்லை. ‘எழுத்துருக்கள்’ என்று ஒரு கோப்புறை வைத்து, பள்ளியில் பயன்படும் டிடிஎஃப் கோப்புகளின் பிரதிகளை அதில் போட்டுவையுங்கள். கணினியை ஃபார்மட் செய்யும் நாளில் அதன் அருமை தெரியும்.

வெளியே அனுப்பும் எதையும் பிடிஎஃப் ஆக்கி அனுப்புவது நல்லது. எழுத்துரு பெரும்பாலும் அதனுள்ளேயே பதிந்துவிடும். வேர்டு கோப்பாகவே தர நேர்ந்தால், ஆப்ஷன்ஸில் சேவ் பகுதிக்குச் சென்று எழுத்துருவைக் கோப்பில் பதிக்கும் வசதியைத் தேர்வு செய்யலாம். சில எழுத்துருக்கள் உரிமக் கட்டுப்பாட்டால் அப்படிப் பதியாது. எனவே வேறொரு கணினியில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டே கடைக்கு அனுப்புகிறேன்.